ஓடும் ஆற்றலும் சுழலும் சத்தும்

காட்டுக்கு எருவிட்டவர் எவரும் இலர். ஆயினும் மலாயாவின் மலைச்சாரல்களிலே நூற்றைம்பது அடிக்கு மேல் உயர்ந்த மரங்கள் எண்ணற்ற ஆண்டுகளாகத் தழைத்து நின்றன. அவற்றைக் கண்ட ஐரோப்பியத் துரைமார், இத்தகைய மரங்களைத் தாங்கும் மண் வற்றாத வளம் உடையதாகத்தான் இருத்தல் வேண்டும் என்று முடிவு கட்டினர். காட்டை வெட்டி எரித்து, அந்நிலத்தில் ரப்பர் மரத்தை நட்டனர். சில ஆண்டுகளுக்குள்ளேயே மேட்டு நிலங்களில் மேல்மண் கரைந்து ஓடியது, மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன, ஓடைகள் கலங்கின. எருவிடாத காடு செழித்திருந்த இடத்தில், ஆள் வைத்துப் பேணிய தோட்டம் மெலிந்தது ஏன்?

இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. விடையின் ஒரு பகுதி மலாயாத் தோட்டங்களிலேயே பட்டறிவாகக் கிடைத்தது. அப்பட்டறிவுக்கு அடிப்படையான உண்மைகள் வட அமெரிக்காவின் ஒரு சிற்றேரியிலும் ஒரு மலையோடையிலும் அளந்து அறியப்பட்டன. அவ்வரலாறு தமிழ் மக்களுக்கு அயலானதன்று. அத்தோட்டங்களில் உழைத்த கைகளிற் பெரும்பாலானவை தமிழர் கைகளே.

வெறுந்தரையாக்கிய வழக்கம்

பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் 1876-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்தை அடைந்தன. அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. 1888-ஆம் ஆண்டில் அத்தோட்டத்தின் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சே யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நடத் தொடங்கினார். மோட்டார் வண்டிகள் பெருகியபோது ரப்பரின் விலை ஏறியது. 1930-களில் மலாயாவில் ரப்பர் பயிரான நிலம் சுமார் முப்பது இலட்சம் ஏக்கராயிற்று.

தொடக்க காலத் தோட்டங்களில் ஒரு வழக்கம் சட்டம்போல் நிலவியது. மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருத்தலாகாது என்பதே அது. களை, மரத்தின் உணவைத் திருடும் என்பது துரைமாரின் கருத்து. லாலான் புல் ஒருமுறை வேரூன்றினால் அதை ஒழிப்பது கடினம் என்ற அச்சமும் இருந்தது. ஆகவே வெளிக்காட்டு வேலைக்குச் சென்ற ஆண்களும் பெண்களும் மண்வெட்டியால் தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தனர். புல் முளைக்க முளைக்க மீண்டும் சுரண்டினர். தரை சிமிட்டியிட்டதுபோல் வெறுமையாக இருப்பதே நல்ல நிருவாகத்திற்கு அடையாளம் என்று மதிக்கப்பட்டது. களை மண்டிய சிறுதோட்டங்களைக் கண்டு, அவற்றை உடையவர் சோம்பேறிகள் என்று பழித்தவரும் உண்டு.

மலாயாவின் மழை பெருமழை. பல இடங்களில் ஆண்டுக்கு எண்பது அங்குலத்திற்கு மேல் பெய்வது. காட்டில் அம்மழை முதலில் இலைகளின்மேல் விழுந்து வேகம் குறையும். பின்னர்ச் சருகின்மேல் சொட்டும். அதன் பின்னரே மண்ணிற் புகும். வெறுந்தரையிலோ ஒவ்வொரு துளியும் நேரே மண்ணை அறைந்தது. சரிவுகளில் மேல்மண் பெயர்ந்தது. ஈயச் சுரங்கங்களின் மணலோடு தோட்டத்து மண்ணும் சேர்ந்து ஆற்றுப் படுகைகளை மேடாக்கியது. கண்ணுக்குத் தெரிந்த இழப்பு இது. கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உடன் நிகழ்ந்தது. அதனை உணர்ந்துகொள்ளக் காட்டை மரம் மரமாகப் பார்த்தல் போதாது. முழுமையாகப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்கும் அறிவு அப்பொழுதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

ஒரு சொல் பிறந்தது

செடி மண்ணிலிருந்து கனிமச் சத்துக்களைப் பெறுகிறது என்பதை ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் 1840-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே வலியுறுத்தினார். ஆனால் செடி, விலங்கு, மண், நீர், காற்று ஆகிய யாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலம் தோன்றவில்லை. 1927-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான சார்லஸ் எல்டன், உயிர்கள் ஒன்றையொன்று உண்ணும் தொடர்பினை உணவுச் சங்கிலி என விளக்கினார். புல் மிகுதி, அதனைத் தின்னும் மான் அதனினும் குறைவு, மானைத் தின்னும் புலி மிகச் சில. இவ்வெண்ணிக்கைகளை அடுக்கினால் கூர்ங்கோபுரம்போல் அமையும் என்று அவர் காட்டினார். கோபுரம் ஏன் அவ்வாறு கூர்ந்து செல்கிறது என்பதை அளந்து காட்டியவர் அப்பொழுது இலர்.

1935-ஆம் ஆண்டில் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலத் தாவரவியலறிஞர் புதிய சொல் ஒன்றை வழங்கினார். ‘ஈக்கோசிஸ்டம்’ என்பது அச்சொல். தமிழில் அதனைச் சூழல் தொகுதி எனலாம். உயிர்களை மட்டுமன்றி, அவை வாழும் மண்ணையும் நீரையும் காற்றையும் ஒளியையும் உள்ளடக்கிய முழுமையையே அச்சொல் குறித்தது. உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் இடையே இடைவிடாத கொடுக்கல் வாங்கல் உண்டு என்பதே அதன் உட்கருத்து. சொல் பிறந்துவிட்டது. அக்கொடுக்கல் வாங்கலைக் கணக்கிட்டுக் காட்டுபவர் தேவைப்பட்டார்.

சிற்றேரியின் கணக்கு

ஐக்கிய அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடார் பாக் என்னும் சிற்றேரி ஒன்று உண்டு. ஆழம் மிகக் குறைந்தது, தூர்ந்து சதுப்பாகிக்கொண்டிருப்பது. ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் 1930-களின் பிற்பகுதியில் அவ்வேரியைத் தம் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அவரும் அவர் மனைவி எலினாரும் பல ஆண்டுகள் பொறுமையாக அதன் பாசிகளையும் நீர்ச்செடிகளையும் புழுக்களையும் மீன்களையும் சேற்றையும் எடுத்து அளந்தனர். அம்மனிதர் அடிக்கடி நோய்வாய்ப்படுபவர். ஒரு கண்ணில் பார்வைக் குறை உடையவர்.

மற்றவர் உயிர்களை எண்ணினர். லிண்டமன் அவற்றைக் கலோரியாக மாற்றிக் கணக்கிட்டார். ஓராண்டில் ஒரு சதுர செண்டிமீட்டர்ப் பரப்பில் விழுந்த கதிரவன் ஆற்றல் சுமார் 1,18,900 கலோரி. அதனைப் பிடித்துப் பாசியும் செடியும் தம் உடலாக்கியது 111 கலோரி. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. செடியுண்ணும் உயிர்களை அடைந்தது அதில் 15 கலோரி. அவ்வுயிர்களை உண்ணும் உயிர்களை எட்டியது 3 கலோரி. எஞ்சியதெல்லாம் எங்கே சென்றது? ஒவ்வோர் உயிரும் வாழ்வதற்கும் அசைவதற்கும் மூச்சு விடுவதற்கும் ஆற்றலைச் செலவிட்டது; அது வெப்பமாகிக் கலைந்தது. உண்ணப்படாமல் எஞ்சியதில் ஒரு பகுதி சேற்றில் படிந்தது. எல்டனின் கோபுரம் மேலே செல்லச் செல்ல ஏன் கூர்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். காட்டில் பன்றி பலவாகவும் புலி சிலவாகவும் இருப்பது புலியின் குறையன்று. மேற்படிக்கு வந்து சேரும் ஆற்றல் அவ்வளவே.

யேல் பல்கலைக்கழகத்தில் ஹட்சின்சன் என்ற பேராசிரியரிடம் சேர்ந்து லிண்டமன் இக்கருத்தைக் கட்டுரையாக எழுதினார். ‘எக்காலஜி’ என்ற ஆய்விதழுக்கு அது சென்றபோது, ஏரியியலில் புகழ்பெற்ற இரு மூத்த அறிஞர்கள் அதனை வெளியிடத் தகாதது என்றனர். ஓர் ஏரியின் அளவுகளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கோட்பாட்டைக் கட்டலாகாது என்பது அவர்கள் வாதம். ஹட்சின்சன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி வாதாடினார். ஆசிரியர் தாமஸ் பார்க் துணிந்து கட்டுரையை ஏற்றார். அது 1942-ஆம் ஆண்டு அக்டோபரில் அச்சாயிற்று. ஆனால் எழுதியவர் அதனைக் காணவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதமே, ஈரல் நோயால், தம் இருபத்தேழாம் வயதிற்குள் அவர் மறைந்துவிட்டார்.

இன்று பள்ளிப் பாடநூல்களில், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே செல்லும் என்று கற்பிக்கப்படுகிறது. அது துல்லியமான விதியன்று. இடத்திற்கு இடம் மாறுவது. லிண்டமன் ஏரியிலேயே ஒரு படியில் எட்டில் ஒரு பங்கும் மற்றொரு படியில் ஐந்தில் ஒரு பங்கும் சென்றன. மாணவர்க்கு அதனைச் சொல்லும்போது இவ்வேறுபாட்டையும் சொல்லுதல் நலம். மாறாத உண்மை வேறொன்று: ஆற்றல் ஒருவழிப் பயணி. ஒருமுறை செலவான ஆற்றல் திரும்பி வருவதில்லை. ஆயினும் அதனால் உலகுக்குக் கேடில்லை. கதிரவன் நாள்தோறும் புதிதாக வழங்குகிறது.

சத்துக்களின் நிலை அவ்வாறன்று. நைட்ரஜன், பாஸ்பரஸ், கால்சியம், பொட்டாசியம் ஆகியவை வானத்திலிருந்து நாள்தோறும் கொட்டுவன அல்ல. மழையோடும் தூசியோடும் சிறிதளவு வரும். பாறை சிதைந்து மெல்ல மெல்லச் சிறிதளவு தரும். நைட்ரஜன் காற்றில் நிறைய உண்டு எனினும் சில நுண்ணுயிர்களே அதனைப் பிடிக்க வல்லவை. ஆகவே காடு தன்னிடம் உள்ளதையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தி வாழவேண்டும். அதனைக் காடு எவ்வளவு சிக்கனமாகச் செய்கிறது என்பதை அளக்க ஓர் ஓடை உதவியது.

ஓடையிற் கரைந்த செல்வம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெண்மலைப் பகுதியில் ஹப்பர்ட் புரூக் என்ற காடு இருக்கிறது. 1955-ஆம் ஆண்டிலிருந்து அது அரசு வனத்துறையின் ஆய்வுக்காடு. அங்கே மண்ணுக்கடியில் உள்ள பாறை, நீர் புகாத பாறை. எனவே ஒரு சிறு பள்ளத்தாக்கில் பெய்யும் மழை, ஆவியாகிப் போவது நீங்கலாக, ஒரே ஓடை வழியாகத்தான் வெளியேற முடியும். ஓடையின் வாயில் அளவைக் கட்டை ஒன்று கட்டிவிட்டால் போகும் நீரை அளக்கலாம்; மழைமானி வைத்தால் வரும் நீரை அளக்கலாம். இரண்டிலும் கரைந்துள்ள சத்துக்களைச் சோதித்தால், வரவு செலவுக் கணக்கு முழுமையாகிவிடும். எளிய கருத்து இது. 1963-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ், நோய் ஜான்சன், ராபர்ட் பியர்ஸ் ஆகியோர் இதன்படி ஆய்வு தொடங்கினர்.

கெடாத காட்டிலிருந்து வெளிவந்த ஓடைநீர் மிகத் தூயது. நைட்ரேட் மிகக் குறைவு. உதிர்ந்த இலை மட்கி விடுவித்த சத்தை வேர்களும் நுண்ணுயிர்களும் உடனே பற்றிக்கொண்டன. வெளியே நழுவியது கொஞ்சமே.

பின்னர் அவர்கள் ஒரு பெருஞ்சோதனை செய்தனர். 1965-ஆம் ஆண்டின் இறுதியில், சுமார் 39 ஏக்கர் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் மரங்கள் அனைத்தையும் வெட்டி, வெட்டிய மரங்களை அங்கேயே கிடக்க விட்டனர். அடுத்த மூன்று கோடைகளிலும் களைக்கொல்லி தெளித்து எதுவும் முளைக்காமல் தடுத்தனர். முதலாண்டில் ஓடைநீர் வழக்கத்தைவிட 39 விழுக்காடு பெருகியது. உறிஞ்சி ஆவியாக்க இலை இல்லையல்லவா? நீரில் நைட்ரேட்டின் செறிவு முதலாண்டில் 41 மடங்கும் இரண்டாமாண்டில் 56 மடங்கும் ஏறி, குடிநீருக்கு விதித்த எல்லையையும் தாண்டியது. கால்சியம் நான்கு மடங்குக்கு மேலும், பொட்டாசியம் பதினைந்து மடங்குக்கு மேலும் உயர்ந்தன.

இது நிகழ்ந்த முறை நினைவில் வைக்கத்தக்கது. மண்ணில் கிடந்த இலையும் வேரும் மட்குவது நிற்கவில்லை. ஆனால் விடுபட்ட சத்தை வாங்கிக்கொள்ள உயிருள்ள வேர் இல்லை. ஒருவகை நுண்ணுயிர்கள் அதிலிருந்த நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றின. நைட்ரேட்டை மண்துகள் பற்றிக்கொள்வதில்லை. நீர் அதனை எளிதாகக் கொண்டு சென்றது. நைட்ரேட் உண்டாகும்போது அமிலமும் உண்டாகும். அவ்வமிலம், மண்துகள்கள் பற்றியிருந்த கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் இடம்பெயர்த்தது. அவையும் நீரோடு சென்றன. அப்பொழுது மண் பெரிதும் அரிக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தரை அப்படியே இருக்க, அதன் வளம் தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போயிற்று.

தெளிப்பதை நிறுத்தியதும், மண்ணில் புதைந்து கிடந்த காட்டுச் செரியின் விதைகள் முளைத்தெழுந்தன. மதிப்பற்ற மரம் என்று வன அலுவலர் கருதிவந்த மரம் அது. விரைந்து வளர்ந்த அச்செடிகள் சத்தைப் பற்றிக்கொண்டன. சில ஆண்டுகளில் இழப்பு பெரிதும் குறைந்தது. வெட்டுக்குப்பின் வரும் புதரும் களையும் நிலத்தின் காயத்தைக் கட்டும் துணியாகப் பயன்பட்டன.

தோட்டம் கற்ற பாடம்

இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மலாயாத் தோட்டத்தை மீண்டும் நோக்கினால், நிகழ்ந்தது விளங்கும். காட்டின் செழுமை ஆழமான மண்ணில் குவிந்திருந்த சேமிப்பு அன்று. உயிருள்ள மரங்களிலும், தரைமேல் கிடந்த சருகிலும், மெல்லிய மேல்மண்ணிலும் அது இடைவிடாது சுழன்றுகொண்டிருந்தது. காட்டை எரித்தபோது நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போயிற்று. சாம்பலில் எஞ்சிய சத்தை மழை கரைத்தது. அதனைப் பற்றிக்கொள்ளக்கூடிய புல்லையும் பூண்டையும் மண்வெட்டி நீக்கியது. ஹப்பர்ட் புரூக்கில் மூன்றாண்டுகள் சோதனையாகச் செய்ததை, மலாயாவில் பல்லாயிரம் ஏக்கரில், ஆண்டுக்கணக்காக, கூலி கொடுத்துச் செய்வித்தனர்.

அமெரிக்க ஆய்வுக்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே மலாயா தன் பிழையைத் திருத்தத் தொடங்கியது என்பதும் உண்மை. 1925-ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அக்கழகத்தின் மண்ணியலறிஞர் ஹெயின்ஸ், இயற்கையாக முளைக்கும் கீழ்ச்செடிகளைப் பயன்படுத்துவதும் அடக்குவதும் பற்றி 1934-ஆம் ஆண்டில் ஒரு கையேடு எழுதினார். எல்லாக் களையும் பகையன்று என்ற எண்ணம் பரவியது. பூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் கொடிகளை மரவரிசைகளுக்கிடையே மூடுபயிராக விதைத்தனர். இவை அவரையினத்தைச் சேர்ந்தவை. இவ்வினச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதை ஜெர்மானியரான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880-களிலேயே நிறுவியிருந்தனர். கொடி தரையை மூடி மழையின் அறையைத் தாங்கியது; உதிர்ந்து மட்கி மண்ணை ஊட்டியது. 1977-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய மூடுபயிர் ஐந்தாண்டுகளில் எக்டருக்கு 200 கிலோவுக்கு மேற்பட்ட நைட்ரஜனை நிலத்திற்குத் திருப்பித் தந்ததாகக் கணக்கிட்டது. சுத்தம் செய்யாத சிறுதோட்டக்காரரின் நிலத்தில் மண் குறைவாகவே அரிக்கப்பட்டிருந்தது என்பதையும் அறிஞர்கள் பின்னர் உணர்ந்தனர். சோம்பல் என்று பழிக்கப்பட்டது நிலத்துக்கு நன்மையாகவே முடிந்திருந்தது.

இதில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டு உழவர், சணப்பையையும் கொழிஞ்சியையும் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் வழக்கம் உடையவர். அவையும் அவரையினச் செடிகளே. வேர்முடிச்சின் வேதியியல் தெரியாவிடினும், அச்செடி நிலத்தை ஊட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அத்தகைய ஊர்களிலிருந்து கங்காணிமார் வழியாக மலாயாவுக்கு வந்தவர்களிற் சிலரேனும் அவ்வழக்கத்தை அறிந்தே வந்திருப்பர். ஆயினும் வரிசையில் நிறுத்தப்பட்டு, ஒரு புல்லும் எஞ்சாமல் சுரண்டுக என ஏவப்பட்டவர்க்கு, ஏவலை மாற்றும் உரிமை இல்லை. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரையில், அத்தொழிலாளரின் உழைப்பில் ஒரு பங்கு இவ்வாறு மண்ணைக் காப்பதற்கு மாறாகச் செலவிடப்பட்டது. பிழை ஏவியவருடையது; வெயிலில் முதுகு வளைந்தது மற்றவர்க்கு.

காடு தரும் கணக்கு

மழைக்காட்டின் வரவு செலவை அளக்கும் முயற்சி பின்னர் மலேசியாவிலேயே நடந்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பாசோ காட்டில், அனைத்துலக உயிரியல் திட்டத்தின் கீழ், 1970-களின் முற்பகுதியில் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய அறிஞர்கள் ஒன்றுகூடி ஆய்ந்தனர். அங்கே ஆண்டுதோறும் ஒரு எக்டர் நிலத்தில் சுமார் 10 டன் சருகும் சுள்ளியும் உதிர்கின்றன. ஆயினும் காட்டுத்தரையில் சருகு மலைபோல் குவிவதில்லை. கறையானும் பூஞ்சணமும் நுண்ணுயிரும் அதனை விரைந்து சிதைக்கின்றன. மேல்மண்ணிற் பின்னிக் கிடக்கும் வேர்கள் விடுபட்ட சத்தை வாங்கி மீண்டும் இலையாக்குகின்றன. எருவிடாத காடு தழைப்பது இவ்வாறே. தோட்டத்தில் பகையாகக் கருதப்படும் கறையானும் காட்டின் இவ்வேலையில் ஒரு பங்கு வகிக்கிறது.

ரப்பர் நின்ற நிலங்களிற் பல, பின்னாளில் செம்பனைத் தோட்டங்களாயின. அங்கும் இளங்கன்றுகளுக்கிடையே அதே பூரேரியாக் கொடி விதைக்கப்படுகிறது. வெட்டிய பனைமட்டைகள் எரிக்கப்படாமல் வரிசைகளுக்கிடையே அடுக்கி மட்கவிடப்படுகின்றன. நூறாண்டுகளுக்கு முன் தரையைச் சுரண்டுவித்த தோட்டம், இன்று தரையை மூடிவைக்கக் கற்றிருக்கிறது.

கதிரவன் நாளை மீண்டும் எழும். ஆற்றல் புதிதாக வரும். ஓடையோடு போன சத்தோ அவ்வாறு வருவதில்லை. இவ்வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், பள்ளிக்கு அருகே மழை பெய்து ஓய்ந்தபின் புல் மூடிய மேட்டிலிருந்து வரும் நீரையும் வெறுமையான மேட்டிலிருந்து வரும் நீரையும் இரு கண்ணாடிக் குவளைகளில் எடுத்து மாணவர்க்குக் காட்டலாம். முதற்பாடம் அக்கலங்கலிலேயே விளங்கும். தெளிந்த நீரிலும் நிலத்தின் செல்வம் கரைந்து போகலாம் என்பது அடுத்த பாடம். அதனைக் கூறும்போது, ஓர் ஏரிக்காக உழைத்து மாண்ட இளைஞரையும், ஏவலுக்காகத் தரையைச் சுரண்டிய பாட்டன் பாட்டிமாரையும் ஒருங்கே நினைவுகூர்தல் தகும்.